தலைமை உறுத்தல் அலுவலர்

பதினான்கு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவளைப் பிள்ளைகள் குடுவையக்கா என்று கூப்பிட்டார்கள். ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் ஒருமுறை கோபத்தில் அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியபோது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. கைவசம் இருந்த தகுதி ஒன்றுதான். புட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதையே புட்டியின் மேலும் எழுதி ஒட்டுவாள்.

கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். அவனுடைய தங்கையும் அவர்களோடுதான் இருந்தாள். தையல்காரி. மாடிப்படியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டு, தொடை வரை மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கட்டுக்கு நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டிவிட்டு, உள்ளே இருந்த காயத்துக்கு வாரம் இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து போட்டார்கள். வாய்க்கும் சேர்த்து ஒரு கட்டுப் போட்டிருக்கலாம் என்பது அண்ணன்காரனின் குறை.

விளம்பரத்தைக் கண்டுபிடித்தவள் இந்த நாத்தனார்தான்.

"அண்ணி, உங்களுக்குன்னே போட்டிருக்கான். 'நேர்மையானவர்கள் தேவை. முன் அனுபவம் அவசியமில்லை.'"

"எதுல முன் அனுபவம்?"

"நேர்மையிலதான் இருக்கும்."

அறவழிச் செல்வாக்கு மையம் நாலாவது மாடியில் இருந்தது. கீழே மூன்றாவது மாடியில் பல் மருத்துவமனை. இயக்குநரின் அறையில் உட்கார்ந்தால் தரைக்கு அடியிலிருந்து யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லைக் குடையும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். இயக்குநருக்கு அது பழகிவிட்டது. சத்தம் நிற்கும்போதுதான் அவர் பேச்சுத் தடுமாறும்.

"பொய் சொல்வீங்களாம்மா?" என்று அவர் முதல் கேள்வியைக் கேட்டார்.

"சொல்லுவேன் சார். நேத்துகூட, நாத்தனார் தைச்சுக் கொடுத்த சட்டை நல்லாருக்குன்னு சொன்னேன்."

இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். "இதுவரைக்கும் இருபத்தாறு பேரைக் கேட்டுட்டேன். இருபத்தாறு பேரும் பொய்யே சொல்ல மாட்டோம்னாங்க. அத்தனையும் பொய். நீங்க நாளைக்கே வந்துடுங்க."

"என்ன வேலைன்னு..."

"மக்களுக்கு ஒரு தேவை இருக்கும். அரசாங்கத்துக்கு அது தெரியாது. எடுத்துச் சொல்றது நம்ம வேலை. இதைத் தரகு வேலைன்னு சில பேர் கேவலமாப் பேசுறாங்க. தரகர் காசை வாங்கிட்டு ஆளைப் போய்ப் பார்ப்பான். நாம ஆளைப் பார்த்துட்டுத்தான் காசு வாங்குவோம். அறம்ங்கறது அந்த இடத்துலதான் இருக்கு."

குடுவையக்காவுக்கு அந்த இடம் சரியாகத் தெரியவில்லை. வேலை தேவைப்பட்டதால் தலையாட்டினாள்.

முதல் வாரம் பயிற்சி. நடத்தியவர் மையத்தின் மனசாட்சி அலுவலர். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மாள். ஓர் அதிகாரியின் அறையில் முழுக் கோப்பைத் தேநீர் குடித்தால் அது அன்பளிப்பு, அரைக் கோப்பை குடித்தால் விருந்தோம்பல் என்று விளக்கி, அரைக் கோப்பையில் நிறுத்துவது எப்படி என்று மூன்று முறை செய்து காட்டினார். அதிகாரியைப் பார்த்துச் சிரித்தால் அன்று மாலைக்குள் சிரிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். பல் தெரிந்ததா இல்லையா என்பதற்குத் தனிக் கட்டம் இருந்தது. நடைபாதையில் யாரையாவது தற்செயலாகச் சந்திக்க வேண்டுமானால் மூன்று நாள் முன்னதாக அனுமதி வாங்க வேண்டும்.

"மனசு உறுத்துச்சுன்னா?" என்று குடுவையக்கா கேட்டாள்.

"அதுக்குத்தான் மனசாட்சி அறை இருக்கு. உள்ள போய்ப் பதினோரு நிமிஷம் தனியா உட்காரணும். அப்புறம் உறுத்தல் படிவம். மூணு பிரதி."

அறைக்குள் தரையிலிருந்து விட்டம் வரை அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாம் குடைகள். புது வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரிகள். மனசாட்சி அலுவலரே கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

"இப்போதைக்கு இங்க நின்னே உறுத்திக்கோங்க" என்றார்.

அந்தப் புது வாடிக்கையாளர், குடை உற்பத்தியாளர் பேரவை. அதன் தலைவர் மறுநாள் நேரில் வந்து, ஏறக்குறைய அழுகிற நிலையில், மேஜையைத் தட்டிப் பேசினார்.

"ஒவ்வொரு பஸ் ஸ்டாப்புலயும் 'பயணியர் நிழற்குடை'ன்னு கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்காங்க சார். குடையா அது? மடக்க முடியுமா? கக்கத்துல இடுக்கிக்க முடியுமா? பஸ்ஸுல மறந்து வச்சிட்டு வர முடியுமா? குடைங்கற பேரை வச்சிக்கிட்டு ஊர் பூரா அரசாங்கமே இலவசமா நிழல் கொடுத்தா, நாங்க என்ன ஆறது?"

"கவலைப்படாதீங்க" என்றார் இயக்குநர். "உங்க லாபத்தைப் பத்தி நாம ஒரு வார்த்தை பேசப் போறதில்ல. அது அறம் இல்ல. மக்களோட உரிமையைப் பத்தி மட்டும் பேசுவோம்."

இப்படித்தான் திறந்த வான மசோதா பிறந்தது. பேருந்து நிறுத்தத்துக் கூரைகள் குடிமக்களிடமிருந்து வானத்தை மறைக்கின்றன, ஆகவே அவற்றை நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். கருத்துக் கணிப்பு எடுக்கக் குடுவையக்காவை அனுப்பினார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: 'வானத்தைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டா?' அவள் முந்நூறு பேரைக் கேட்டாள். இருநூற்றுத் தொண்ணூற்றொரு பேர் உண்டு என்றார்கள். ஏழு பேர் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. இரண்டு பேர், "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" என்று விசாரித்தார்கள். அதையும் அப்படியே எழுதினாள்.

எழுதி முடித்தபோது உறுத்தியது. படிவத்தை வாங்கினாள். 'உறுத்தும் இடம்: நெஞ்சு / தொண்டை / வயிறு' என்று இருந்தது. வயிற்றுக்கு நேரே குறியிட்டு, கீழே ஒரே வரி எழுதினாள்: 'மழை பெய்தால் நனைவார்கள்.'

வேலை போய்விடும் என்ற பயத்தோடுதான் மறுநாள் போனாள். அவள் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

"இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன்" என்றார் இயக்குநர், படிவத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக் காட்டி. "இவ்வளவு சுத்தமான ஒரு உறுத்தலை நான் பார்த்ததில்ல. எதிர்த்தரப்பு என்ன கேட்கும்ங்கறதைக் கண்டுபிடிக்க மத்த நிறுவனங்க உளவு பார்க்கறாங்க. நமக்கு அந்தக் கேடுகெட்ட வேலை எதுக்கு? நம்ம வீட்லயே மனசாட்சி இருக்கு."

மசோதாவில் நாலாவது பிரிவாக ஒரு வரி சேர்ந்தது: 'நனைதல் என்பது பயணியின் சொந்த விருப்பமாகக் கருதப்படும்.' குடுவையக்கா உறுத்தல் அலுவலர் ஆனாள். சக்கரம் வைத்த நாற்காலி கொடுத்தார்கள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் எழுதிய அடுத்த படிவம்: 'பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நோயாளிகள் நிற்கிறார்கள். அவர்கள் விரும்பி நிற்கவில்லை.' அதற்கு ஒன்பதாவது பிரிவு வந்தது. 'நோயாளி என்பதற்கான சான்றிதழை உரிய அலுவலகத்தில் காட்டுவோருக்கு, மழை நின்ற ஏழு நாட்களுக்குள் தற்காலிகக் கூரை வழங்கப்படும்.' அவள் தலைமை உறுத்தல் அலுவலர் ஆனாள். தனி அறையும் கிடைத்தது. குடைப்பெட்டிகளைக் கொஞ்சம் தள்ளிவைத்து, மனசாட்சி அறையையே கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது நாத்தனார் கட்டுப் போட்ட காலை ஸ்டூலிலிருந்து இறக்கியே விட்டாள்.

"மனசு உறுத்துதுன்னு எழுதிக் கொடுத்தா பதவி உயர்வா? அண்ணா, நீயும்தான் பதினஞ்சு வருஷமா பஸ் ஓட்டுற. ஒரு நாளாவது உனக்கு உறுத்துச்சா?"

"உறுத்துற சீட்டுதான்டி. எழுதிக் கொடுத்தா சீட்டைப் பிடுங்கிட்டு நின்னு ஓட்டுன்னுவாங்க" என்றான் அவன். பிறகு மனைவியைப் பார்த்து, "சிரிப்பா இருக்கு. ஆனா அந்தக் கூரையை நிஜமாவே எடுத்துடுவாங்களா?" என்று கேட்டான்.

"மசோதாதானேங்க. பேச்சோட போயிடும்."

பேச்சோடு போகவில்லை. மசோதா ஆய்வுக்குழுவுக்குப் போவதற்கு முன்னால் ஒரே ஓர் இடத்தில் முன்னோட்டம் பார்க்க அனுமதி வந்தது. இயக்குநர் தேர்ந்தெடுத்த இடம் பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தம்.

"ஏன் சார் அங்க?" என்று கேட்டாள் குடுவையக்கா.

"நீங்கதானேம்மா காட்டிக் கொடுத்தீங்க! எதிர்ப்பு அங்கதான் அதிகம் இருக்கும்னு உங்க படிவமே சொல்லுது. அங்க ஜெயிச்சிட்டா ஊர் முழுக்க ஜெயிச்ச மாதிரி. உங்க உழைப்பை நாங்க வீணாக்கல."

ஒரு காலைப்பொழுதில் கூரையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான்கு தூண்களையும், 'பயணியர் நிழற்குடை' என்ற பலகையையும் விட்டுவிட்டார்கள். பலகையைக் கழற்றுவது வேறு துறை.

அடுத்த வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்குப் பிடித்த மழை மூன்று மணி வரை விடவில்லை. மருந்து போட்டுக்கொண்டு வெளியே வந்த நாத்தனார், ஊன்றுகோலோடு அந்தத் தூண்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். நாலரை மணிக்கு இரண்டு பேர் அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். காலைச் சுற்றி வெள்ளைச் சேறு வழிந்தது.

"மாவு கரைஞ்சு போச்சு அண்ணி" என்றாள். எப்போதும் போலச் சொல்ல நினைத்தாள். பாதியிலேயே உதடு கோணி அழுகை வந்துவிட்டது. "உள்ள ஏதோ நகர்ந்த மாதிரி இருக்கு. காலைக் கீழ வைக்க முடியல."

எலும்பு விலகியிருந்தது. மறுபடி சேர்த்துக் கட்டினார்கள். இன்னும் எட்டு வாரம் என்றார் டாக்டர். அதற்குள் கூடாவிட்டால் கம்பி வைக்க வேண்டும். அன்று இரவு குடுவையக்கா வாசற்படியிலிருந்து கட்டில் வரை சிந்திக் காய்ந்திருந்த மாவைச் சுரண்டித் துடைத்தாள். கால்சியம் சல்பேட். ஆய்வகத்தில் எத்தனையோ புட்டியில் அந்தப் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறாள். கணவன் வாளித் தண்ணீரை மாற்றிக் கொண்டுவந்து வைத்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு போனாள்.

இயக்குநர் படித்துக்கொண்டே ஒரு தாளில் ஏதோ குறித்தார். முகம் மலர்ந்தது. "பிரமாதம்! ஆனா இப்ப வேணாம். எதிர்ப்பு ராஜினாமாங்கறது நம்ம திட்டத்துல மூணாம் கட்டம். மையத்துக்குள்ளயே எவ்வளவு சுதந்திரமா விவாதம் நடந்துச்சுன்னு அது காட்டும். நாம இப்ப ரெண்டாம் கட்டத்துல இருக்கோம். வர்ற செவ்வாய்க்கிழமை ஆய்வுக்குழுவுல மாற்றுக் குரலா நீங்கதான் பேசணும். மூணு நிமிஷம். மனசுல இருக்கறதை எல்லாம் கொட்டிடுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க."

"நாத்தனாருக்குக் கால் போயிடும் போல இருக்கு சார்."

"அதையும் சொல்லுங்க. ரொம்ப உருக்கமா இருக்கும்."

கீழே பல் குடையும் சத்தம் நின்றது. இயக்குநர் ஒரு கணம் தடுமாறி, மேஜைமேல் இருந்த தாளைக் கையால் மறைத்தார். மறைப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். 'பிரிவு பதினான்கு: மாவுக்கட்டு அணிந்தோர் மழைக்காலத்தில் எலும்பு முறித்துக்கொள்வதைத் தவிர்த்தல்.' குழுவின் முன் அவள் இன்னும் பேசவே இல்லை. அதற்குள் அவளுடைய ஆட்சேபத்துக்குத் திருத்தம் தயாராகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வரை அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். எதைச் சொன்னாலும் எடுத்துக்கொள்கிறார்கள். திட்டினால் அது ஒரு பிரிவு. அழுதால் இன்னொரு பிரிவு. அவள் வாயைத் திறக்கத் திறக்க மசோதாவுக்குச் சதை பிடித்தது.

ஆய்வுக்குழு கூடிய மண்டப வாசலில் உறுப்பினர்களுக்குப் பேரவையின் சார்பில் குடை கொடுத்தார்கள். முழுக் குடை அன்பளிப்பு ஆகிவிடும் என்று மனசாட்சி அலுவலர் ஆட்சேபித்திருந்ததால், எல்லாவற்றையும் நடுவில் வெட்டி அரைக் குடையாக்கியிருந்தார்கள். ஏழு உறுப்பினர்களும் அரைக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் பத்திரிகைக்காரர்கள்.

குழுத் தலைவர் தொடங்கிவைத்தார். "இந்தக் குழு யாருக்கும் வளைஞ்சு கொடுக்காது. எங்களை யாரும் வாங்க முடியாது. யார் முதல்ல வர்றாங்களோ அவங்க சொல்றதைக் கேட்போம், அவ்வளவுதான். இப்ப மாற்றுக் குரல் பேசலாம்."

குடுவையக்கா எழுந்தாள். இயக்குநர் பேனா மூடியைத் திறந்தார்.

"எனக்கு ஒரு உறுத்தலும் இல்லீங்க" என்றாள்.

பேனா நின்றது.

"ரொம்ப நல்ல சட்டம். வானத்தைப் பார்க்கறது எல்லாருக்கும் உரிமைன்னு எழுதியிருக்கு. படிச்சதும் எனக்கு உங்களை நினைச்சுத்தான் கஷ்டமா இருந்துச்சு. மக்களுக்காக இவ்வளவு யோசிக்கறீங்க. ஆனா உங்க தலைக்கு மேல எப்பவும் கூரை. காரை நிறுத்தற கொட்டகைக்கும் கூரை. கார்லேர்ந்து இறங்கி இந்த மண்டபத்துக்கு வர்ற வழி முழுக்கக் கூரை. வருஷக்கணக்கா உங்களுக்கு வானமே தெரியல. பஸ் ஸ்டாப்புல நிக்கறவங்களாவது பஸ் வந்ததும் ஏறிடுவாங்க. உங்களுக்குத்தான் முதல்ல அந்த உரிமை கிடைக்கணும். கொட்டகையிலேர்ந்து தொடங்குங்கன்னு கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

குழுத் தலைவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தாள்களைப் புரட்டினார். அவளுடைய ஆட்சேபங்களுக்குப் பதினேழாம் பிரிவு வரை பதில் இருந்தது. பாராட்டுக்கு ஒன்றுமில்லை.

"அது வந்து... நாங்க மக்களுக்குத் தொண்டு செய்ய வந்தவங்கம்மா" என்றார் தலைவர். "மக்கள் படற கஷ்டம்... அதாவது, மக்கள் அனுபவிக்கிற உரிமை எங்களுக்கு வேணாம். நாங்க தியாகம் பண்றோம்."

"கஷ்டம்னு சொன்னீங்களா, உரிமைன்னு சொன்னீங்களா சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். "எழுதிக்கணும்."

"உரிமை."

"அப்ப ஏன் சார் வேணாம்?"

அதன் பிறகு வேறு வழி இருக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வானத்துக்கு எதிராக ஒருவராலும் கை தூக்க முடியவில்லை. திருத்தத்தோடு மசோதா ஒருமனதாக நிறைவேறியது. கொட்டகை பக்கத்திலேயே இருந்ததால் வேலையாட்கள் மறுநாள் அங்கிருந்தே ஆரம்பித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மழை வந்தது. உறுப்பினர்கள் காரிலிருந்து இறங்கி அரைக் குடையைப் பிடித்துக்கொண்டு, இடது தோளை நனைப்பதா வலது தோளை நனைப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் நின்றார்கள். தலைவர் நடுவில் பிடித்துப் பார்த்தார். இரண்டு தோளும் நனைந்தன. அன்று பிற்பகலே அவசரக் கூட்டம். ஒன்பது நிமிடம் நடந்தது.

"இந்தச் சட்டத்தோட நோக்கம் வானத்தைக் காட்டறது" என்று தலைவர் தும்மலுக்கு நடுவில் அறிவித்தார். "நாங்க பார்த்துட்டோம். நோக்கம் நிறைவேறிடுச்சு. சட்டத்தை நிறுத்தி வைக்கிறோம்."

கொட்டகைக்கும் நடைவழிக்கும் அன்று சாயங்காலத்துக்குள் கூரை திரும்பிவிட்டது. மற்ற பேருந்து நிறுத்தங்கள் தப்பித்தன. பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மட்டும் கூரை ஏற்கெனவே போயிருந்ததால், அதைத் திரும்பப் போடுவது இரண்டாம் கட்டம் என்றார்கள். அதற்குத் தனி மசோதா வேண்டுமாம்.

திங்கட்கிழமை இயக்குநர் குடுவையக்காவைக் கூப்பிட்டு, முகம் நிறையச் சிரித்தார். "பாராட்டியே ஒரு சட்டத்தை நிறுத்தலாம்னு எனக்கே தெரியாதும்மா. இனிமே இது நம்ம நாலாம் கட்டம். இப்ப தகரக் கூரை உற்பத்தியாளர் சங்கம் வந்திருக்காங்க. கூரை மீட்பு மசோதா வேணுமாம். நீங்கதான் தலைமை."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. கடிதம் எதுவும் எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. குழாய்களில் பெயர் எழுதி ஒட்டும் வேலை. சம்பளம் குறைவு, நாற்காலிக்குச் சக்கரம் இல்லை. நாத்தனாருக்குக் கம்பி வைக்கத்தான் வேண்டியிருந்தது. நடக்க ஆரம்பித்துவிட்டாள், கொஞ்சம் சாய்ந்து. அண்ணியிடம் அதைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"நீங்க எழுதிக் கொடுத்ததுல தப்பே இல்ல அண்ணி. எழுதிக் கொடுத்த இடம்தான் தப்பு."

ஒரு நாள் மத்தியானம் வேலை முடிந்து குடுவையக்கா நிறுத்தத்துக்கு வந்தபோது மழை கொட்டியது. நான்கு தூண்களுக்கு நடுவே முப்பது பேர் நின்றிருந்தார்கள். கையில் ஊசி குத்திய பஞ்சை அழுத்திக்கொண்டு ஒரு பெரியவர், எக்ஸ்ரே கவரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண். கணவனின் பேருந்து வந்து நின்றது. அதில் போக வேண்டியவர்கள் நாலைந்து பேர்தான். அவர்கள் ஏறிய பிறகும் அவன் வண்டியை எடுக்கவில்லை. இரண்டு கதவையும் திறந்துவிட்டு இன்ஜினை அணைத்தான்.

"எல்லாரும் ஏறி உட்காருங்க. எந்த ஊருக்குப் போறவங்களா இருந்தாலும் சரி. உங்க பஸ் வந்ததும் இறங்கிக்கங்க."

மழை நிற்கும் வரை, இருபத்திரண்டு நிமிடம், பேருந்து அங்கேயே நின்றது. பின்னால் வந்த ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, விஷயம் புரிந்ததும் தன் கதவையும் திறந்துவிட்டார்.

பணிமனையிலிருந்து கடிதம் வந்தது. இருபத்திரண்டு நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் தர வேண்டும். தேவைப்பட்டால் தனித்தாள் இணைக்கலாம். அவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினான். நோயாளிகள், கூரை, தங்கையின் கால், மனிதாபிமானம் எல்லாம் அதில் இருந்தன. நாத்தனார் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள்.

குடுவையக்கா நான்கு பக்கத்தையும் வாங்கிப் படித்தாள். இரண்டாக மடித்து அடுப்பு மேடை டப்பாவுக்கு அடியில் செருகினாள். படிவத்தில் விளக்கம் என்றிருந்த இடத்தைக் காட்டினாள்.

"மழைன்னு மட்டும் எழுதுங்க."

"அவ்வளவுதானா? கேட்டா?"

"திரும்பவும் மழைன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை கூடச் சேர்க்காதீங்க, அதைப் பிடிச்சிக்கிட்டு ஒரு பிரிவு போட்டுடுவாங்க."

அவன் 'மழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.